ஸ்கேனர் சொன்னால் தீர்ப்பா?

(மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, "நட்பு, தாய்மை, தமிழ், இதுல எதையாவது எழுதுங்கப்பா" என்றார். மூன்றையும் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் நம் கல்லூரியில் நிறைய இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது லாரி. அதிலும் ஆட்டோ கியர் லாரி நடுரோட்டில் நின்றுபோனால், ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கிற வேலையைப் பற்றித்தான் இங்கே என் கருத்தைச் சொல்லப் போகிறேன். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் மூன்று பிரிவு நண்பர்களும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் அந்த ஒரு பெட்டிக்குள் மூன்று டிபார்ட்மெண்டும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது!

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பைச் செருகி, அது காட்டுகிற கோடு நம்பரைப் பார்த்து, அந்த நம்பருக்கு நேரே எழுதியிருக்கிற சாமானைக் கழற்றி மாற்றுவதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல. அளந்து பார்க்காமல் மாற்றிய சாமானின் காசு காற்றில் போவதில்லை, யாரோ ஒருவர் தலையில்தான் விழுகிறது. பெரும்பாலும் அது டிரைவர் தலை. டிரைவர் வீட்டுப் பிள்ளை என்பதால் இதை நான் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஆட்டோ கியர் என்றதும் நம்மில் பலர் ஸ்கூட்டியையும் சொகுசுக் காரையும் நினைத்துக்கொள்கிறோம். கனரக லாரியில் வருவது பெரும்பாலும் அந்த வகை இல்லை. நம் லேபில் வெட்டி வைத்திருக்கும் மாடலில் பார்க்கிறோமே, அதே பல்சக்கரப் பெட்டிதான் உள்ளே இருக்கிறது. மெயின் ஷாஃப்ட், கவுண்டர் ஷாஃப்ட், ஷிஃப்ட் ஃபோர்க் எல்லாம் உண்டு. கிளட்ச் பிளேட்டும் உண்டு. கிளட்ச் பெடல்தான் கிடையாது. 12 கியர் எப்படி வருகிறது என்று கேட்டால், நடுவில் மூன்று கியர்; ஸ்ப்ளிட்டர் அதை ஆறாக்கும்; பின்னால் இருக்கிற ரேஞ்ச் அந்த ஆறைப் பன்னிரண்டாக்கும்.

அப்படியானால் டிரைவரின் இடது கையும் இடது காலும் செய்துகொண்டிருந்த வேலையை யார் செய்வது? காற்றும் கரண்டும்தான். ஏர் டேங்கிலிருந்து வரும் காற்றை சொலினாய்டு வால்வுகள் திறந்து மூடி, சின்ன சிலிண்டர்கள் வழியாக ஃபோர்க்கைத் தள்ளுகின்றன. ஃபோர்க் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்ல பொசிஷன் சென்சார், ஷாஃப்ட் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று சொல்ல ஸ்பீடு சென்சார், கிளட்ச் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று சொல்ல இன்னொரு சென்சார். இவர்கள் எல்லோரும் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க ஒரு கண்ட்ரோல் யூனிட்.

ஒரே ஒரு கியர் மாற்றுவதற்கு அந்த யூனிட் படும் பாட்டைப் பாருங்கள். முதலில் இன்ஜின் கம்ப்யூட்டரிடம், "டார்க்கைக் குறை" என்று கேட்க வேண்டும். அது குறைத்ததும் கிளட்ச்சைத் திறக்க வேண்டும். இருக்கிற கியரை நியூட்ரலுக்கு இழுத்து, அடுத்த கியருக்கு ஷாஃப்ட்டுகளின் வேகத்தைச் சமப்படுத்தி, ஃபோர்க்கைத் தள்ளி, விழுந்ததா என்று சென்சாரிடம் கேட்டு, கிளட்ச்சை மெல்ல மூடி, மறுபடி இன்ஜினிடம், "இனி உன் இஷ்டம்" என்று விட வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் இத்தனையும் நடக்கிறது. இதில் எந்தப் படியில் பதில் வரவில்லையோ, அந்தப் படியில் யூனிட் பயந்துபோய் நிறுத்திவிட்டு ஒரு கோடு எழுதி வைக்கும். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கியர் எண் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வராது.

இதெல்லாம் வெளிநாட்டில் புதிது இல்லை. வால்வோ கம்பெனி ஐ-ஷிஃப்ட் என்கிற பெட்டியை 2001-இல் கொண்டுவந்தது. வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் இரண்டே வயரில் பேசிக்கொள்ளும் கேன் முறையை போஷ் கம்பெனி 1986-இலேயே வெளியிட்டுவிட்டது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 கட்டாயமானது. அதன்பிறகு வந்த புது லாரி எதை எடுத்தாலும் இந்தக் கம்ப்யூட்டர் பேச்சு இல்லாமல் இன்ஜினே ஓடாது. ஆகவே, "எங்க பட்டறைக்கு இதெல்லாம் வராது" என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஒன்பது நாள் நின்ற வண்டி

என் அப்பா டிரெய்லர் ஓட்டுகிறார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு கிளீனராக ஏறியவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அவர் ஓட்டியது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆட்டோ கியர் வண்டி. ஓனர் அதை எடுத்தவுடன் சேஸிஸ் முழுக்கச் சுரண்டி, புது பெயிண்ட் அடித்து, டிரெய்லர் லைட்டுக்குப் புது வயரிங் இழுத்து ரோட்டில் விட்டார். இரண்டு மாதத்தில் தொல்லை ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் நியூட்ரலுக்குப் போய்விடும். ஓரங்கட்டி, சாவியை ஆஃப் செய்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி ஓடும்.

வண்டியை ஒரு பட்டறையில் விட்டார்கள். ஸ்கேனர் போட்டதில் ரேஞ்ச் பொசிஷன் சென்சார் என்று வந்தது. சென்சாரை மாற்றினார்கள். ஓட்டிப் பார்த்தார்கள், நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் ராத்திரி மறுபடி நின்றது. அடுத்து வால்வு பிளாக். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில், "கண்ட்ரோல் யூனிட் போச்சு, லட்சத்துக்கு மேல ஆகும்" என்றார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "டிரைவர் கண்டபடி அழுத்தி ஓட்டியிருப்பார், அதான் உள்ளே அடிபட்டிருக்கு" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். ஓனர் அதைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது நாள் வண்டி நின்றதற்குப் படி கிடையாது. சென்சார் காசில் ஒரு பங்கு அப்பா சம்பளத்தில் பிடித்தம்.

பத்தாம் நாள் ஓனரின் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, வயரிங் வேலை செய்கிற ஒரு பெரியவர் வந்தார். செமஸ்டர் லீவு என்பதால் நானும் அங்கே இருந்தேன். அவர் டூல் பெட்டியைத் திறக்கவே இல்லை. நேராக அப்பாவிடம் வந்து, "ஏனுங்க, எந்த நேரத்துல இப்படிப் பண்ணுது?" என்று கேட்டார்.

அப்பா சொன்னார்: "ராத்திரியில தாங்க. லைட்டப் போட்டு ஒரு அரைமணி ஓடுச்சுன்னா வந்துருதுங்க. பகல்ல ஒண்ணுமே பண்றதில்லீங்க."

தோழர்களே, ஒன்பது நாளில் ஒருவர்கூட அப்பாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை! பட்டறையில் ஓட்டிப் பார்த்தது எல்லாம் பகலில். பகலில் நோய் எப்படி வெளியே வரும்?

பெரியவர் எல்லா லைட்டையும் போடச் சொன்னார். டிரெய்லர் லைட்டும் சேர்த்துத்தான். மீட்டரின் ஒரு கம்பியை பேட்டரியின் மைனஸில் வைத்தார், இன்னொன்றைக் கியர் பாக்ஸ் யூனிட்டுக்குப் போகும் எர்த் வயரில் வைத்தார். இரண்டும் ஒரே எர்த்தான், பூஜ்யம்தானே காட்ட வேண்டும்? நாலு வோல்ட் காட்டியது. லைட்டை அணைத்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. போட்டால் மறுபடி நாலு.

"தம்பி, நீ படிக்கிற புள்ளதானே, இது என்னன்னு சொல்லு" என்றார் என்னைப் பார்த்து. ஓம் விதியை எழுதி மார்க் வாங்கியவன் நான். அதை ஒரு லாரியின் வயிற்றில் பார்த்தது அன்றைக்குத்தான்.

விஷயம் இதுதான். பெயிண்ட் அடித்தவர்கள் எர்த் லக்கைக் கழற்றி, சேஸிஸில் அந்த இடத்துக்கும் பெயிண்ட் அடித்து, பெயிண்டுக்கு மேலேயே லக்கை வைத்து போல்ட்டை முறுக்கிவிட்டார்கள். டிரெய்லர் லைட்டுக்குப் புது வயரிங் இழுத்தவர் அதன் எர்த்தையும் அதே போல்ட்டில் மாட்டிவிட்டார். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. கியர் பாக்ஸுக்கு மட்டும் என்றால் சமாளித்திருக்கும். ராத்திரியில் லைட்டு கரண்டும் சேர்ந்து ஒரு பத்து ஆம்பியர் அந்த வழியில் போனால், 0.4 ஓம் தடைக்கு நாலு வோல்ட் அங்கேயே போய்விடும். யூனிட்டுக்கு எர்த் என்பது நாலு வோல்ட் உயரத்தில் மிதக்கும். அப்புறம் அது சென்சாரைப் பார்த்து, "நீ தப்பாகச் சொல்கிறாய்" என்று கோடு எழுதாமல் என்ன செய்யும்? சென்சார் பாவம், அது என்ன செய்யும்?

எமரி பேப்பரில் சேஸிஸைப் பளபளவென்று தேய்த்தார். ஸ்டார் வாஷர் போட்டு, லைட்டு எர்த்தை வேறு இடத்துக்கு மாற்றி, கிரீஸ் தடவி முடித்தார். அரைமணி நேர வேலை. கூலி எவ்வளவு வாங்கினார் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வண்டி அதற்குப்பின் அந்தத் தொல்லை செய்யவில்லை. அப்பா சம்பளத்தில் பிடித்தது மட்டும் திரும்பி வரவில்லை.

கோடு நம்பரைப் படிக்கத் தெரியுமா?

கழற்றிப் போட்ட அந்த வண்டியின் ஸ்கேனர் ரிப்போர்ட்டை நான் பிறகு வாங்கிப் பார்த்தேன். மொத்தம் ஐந்து கோடு. முதல் வரியில் சென்சார். நாலாவது வரியில் சப்ளை வோல்டேஜ் குறைவு, அதற்கு நேரே எத்தனை முறை வந்தது என்ற எண், 31. சென்சாருக்கு நேரே இருந்த எண் 6. எது முதலில் வந்த நோய், எது அதனால் வந்த நோய் என்று அந்த இரண்டு எண்களே கதை சொல்லியிருக்கும். முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கனரக வண்டிகளில் ஜே 1939 என்கிற பொது விதிப்படி ஒரு கோடு இரண்டு பாகமாக வரும். எஸ்.பி.என். என்பது எந்த இடத்தில் என்று சொல்லும். எஃப்.எம்.ஐ. என்பது எந்த மாதிரி என்று சொல்லும். 191 என்றால் வெளியே போகும் ஷாஃப்ட்டின் வேகம். 161 என்றால் உள்ளே வரும் ஷாஃப்ட்டின் வேகம். 168 என்றால் பேட்டரி வோல்டேஜ். 639 என்றால் கேன் வயரிலேயே பேச்சுவார்த்தை சரியில்லை. சில கம்பெனிகள் தங்களுக்கென்று தனி எண்களும் வைத்திருக்கின்றன, அது வேறு தலைவலி.

நம் ஆட்கள் எஸ்.பி.என். நம்பரை மட்டும் பார்க்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இரண்டாவது நம்பரில்தான் பாதி வேலை முடிந்திருக்கிறது. அது 3 என்றால் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட அதிகம், 4 என்றால் குறைவு, 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது வயர் அறுந்திருக்கிறது. 2 என்றால் சிக்னல் தாறுமாறாக வருகிறது, அதாவது கப்ளரை ஆட்டிப் பார்க்க வேண்டிய கேஸ். இந்த நாலும் பெரும்பாலும் ஸ்பேனர் எடுக்கும் வேலை இல்லை, மீட்டர் எடுக்கும் வேலை. 7 என்று வந்தால் எலக்ட்ரிக்கல் சரி, சொன்னபடி மெக்கானிக்கல் பாகம் நகரவில்லை என்று அர்த்தம். அப்போதும் உடனே பெட்டியைப் பிரிக்காதீர்கள். காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்க்கைத் தள்ளுவது காற்றுதானே?

இந்தக் காற்று விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சிலர் ஆசைக்காக நாலு ஊதல் ஏர் ஹாரன் மாட்டுகிறார்கள். கைக்குக் கிடைத்த ஏர் லைனில் ஒரு டீ போட்டு இழுத்துவிடுகிறார்கள். அந்த டீயில் கசிவு வந்தால், அதே லைனில் இருக்கும் கியர் பாக்ஸுக்கு அழுத்தம் விழும். கியர் சோம்பேறித்தனமாக விழும். ஸ்கேனரில் "கியர் விழவில்லை" என்று வரும். ஹாரன் என்று எந்த ஸ்கேனரிலும் வராது! ஏர் டேங்கில் தண்ணீர் வடிக்காமல் விட்டால் அந்தத் தண்ணீரும், கம்ப்ரஸர் கக்கிய ஆயிலும் சேர்ந்து வால்வுக்குள் பிசுபிசுப்பாகப் போய் உட்காரும். ஏர் டிரையரை நேரத்துக்கு மாற்றுகிற ஓனர்கள் எத்தனை பேர்? கேட்டுப் பாருங்கள்.

எதை அளப்பது, எப்படி அளப்பது

வகுப்பில் நமக்குச் சொல்லித் தருவது, வயர் நன்றாக இருக்கிறதா என்று மீட்டரை ஓமில் வைத்துப் பார்ப்பது. பீப் என்று சத்தம் வந்தால் சரி. லாரியில் இது ஏமாற்றிவிடும். நாற்பது இழை உள்ள வயரில் முப்பத்தொன்பது அறுந்து ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் என்றுதான் சொல்லும், ஏனென்றால் மீட்டர் அனுப்புவது கொசுக்கடி அளவு கரண்ட். மேலே சொன்ன எர்த்தில் இருந்தது வெறும் 0.4 ஓம். மீட்டரின் கம்பி இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே அந்த அளவு காட்டுகிற மீட்டர்கள் உண்டு. "எர்த் ஓகே" என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

ஆகவே வேலை நடக்கும்போது, கரண்ட் ஓடும்போது, வயரின் இரு முனைக்கும் நடுவில் எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். வோல்டேஜ் டிராப் என்று புத்தகத்தில் ஒரு பாரா இருக்கிறதே, அதுதான். வண்டியில் அதைச் செய்ய முடியாதபடி யூனிட் தூங்கிக்கொண்டிருந்தால், கப்ளரைக் கழற்றி அந்த வயரில் ஒரு 24 வோல்ட் 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பை மாட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 0.9 ஆம்பியர் இழுக்கும். பல்பு பளிச்சென்று எரிந்தால் வயர் சரி. அழுது வடிந்தால் நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று, சென்சார் வயரிலோ யூனிட்டின் பின்னிலோ இந்தப் பல்பை மாட்டிவிடாதீர்கள். அது சப்ளைக்கும் எர்த்துக்கும் மட்டும்தான். பெரிய பல்பு வைத்த பழைய டெஸ்ட் லாம்ப்பால் கண்ட பின்னையும் குத்தி யூனிட்டைச் சாகடித்த கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

கேன் வயருக்கு இன்னும் சுலபமான சோதனை இருக்கிறது. அந்த இரட்டை வயரின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் நடுவில் அளந்தால் பேரலல் கணக்குப்படி 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலாமாண்டு பேஸிக் எலக்ட்ரிக்கல் படித்த எவரும் செய்யலாம். ஒரு லாரியில் கேன் லைன் ஒன்றுக்கு மேலும் இருக்கும், எந்த லைனை அளக்கிறோம் என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு அளக்க வேண்டும். அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பக்கத்துக்கென்றே சில காரணங்கள் இருக்கின்றன. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று பாடி கட்டுகிற ஊர்களில் சேஸிஸில் வெல்டிங் வைக்காத நாள் கிடையாது. பேட்டரியைக் கழற்றாமல், யூனிட் கப்ளரைப் பிடுங்காமல், எர்த் கிளாம்ப்பை எங்கோ ஒரு கோடியில் மாட்டி வெல்டிங் வைத்தால், அந்தக் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும் என்று அதற்கே தெரியாது. அப்புறம் ஆயுத பூஜை. பூஜைக்கு முதல் நாள் வாட்டர் சர்வீஸ்காரர் பிரஷர் துப்பாக்கியைக் கியர் பாக்ஸ் கப்ளருக்கு நேராகப் பிடித்துச் சுத்தமாகக் கழுவுகிறார். பூஜை முடிந்த வாரம் பட்டறைகளில் கூட்டம் அதிகம். வண்டிக்குப் பொட்டு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. கப்ளருக்கு ஒரு பாலிதீன் பையைக் கட்டிவிட்டுக் கழுவலாமே?

இரு பக்கமும் கொஞ்சம் குட்டு

இதைப் படிக்கிற சிலர், "அப்படியானால் ஸ்கேனரே வேண்டாம், பழைய மிஸ்திரிகளே போதும் என்கிறாயா?" என்று கேட்கலாம். இல்லை. எங்கள் தெருவிலேயே சத்தம் கேட்டு எந்தப் பேரிங் போனது என்று சொல்லும் மிஸ்திரிகள் இருக்கிறார்கள். அவர்கள் காதுக்கு நான் கும்பிடு போடுவேன். ஆனால் காதுக்குக் கேன் வயரின் பேச்சு கேட்காது. "கம்ப்யூட்டர் கெடக்குது, டாப் கவரைப் பிரிடா" என்று நல்ல பெட்டியைப் பிரித்து, பிரித்த பாவத்துக்குப் புது ரிப்பேரை உண்டாக்குகிறவர்களையும் பார்க்கிறோம். தவிர, கிளட்ச் பிளேட் மாற்றினால் அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்று யூனிட்டுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். பல வண்டிகளில் அதற்கு ஸ்கேனர் இல்லாமல் முடியாது. சொல்லிக்கொடுக்காமல் வண்டியை வெளியே விட்டால் லோடு ஏற்றிய முதல் மேட்டிலேயே இழுத்து இழுத்து அழும்.

ஆக ஸ்கேனர் வேண்டும். அது சாட்சி. சாட்சி சொன்னதை அப்படியே தீர்ப்பாக எழுதுகிற ஜட்ஜைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொன்ன வரிசையை மேடைக்கு மேடை ஒப்பிக்கிறோம், பட்டறைக்குள் நுழைந்ததும் அதைச் செருப்போடு வெளியே விட்டுவிடுகிறோம்.

இன்னொரு பக்கமும் நியாயம் பேச வேண்டும். தெருமுனைப் பட்டறைக்காரர் அளக்காததற்கு அவர் மட்டுமா காரணம்? எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று தெரிந்தால்தானே அளக்க முடியும்? அந்த வயரிங் படத்தைக் கம்பெனி தன் சர்வீஸ் சென்டரைத் தாண்டி வெளியே விடுவதில்லை. ஐரோப்பாவில் 2009-இல் போட்ட 595 ஆம் எண் சட்டத்தில், கனரக வண்டிகளின் ரிப்பேர் விவரங்களை வெளிப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று புகை விதிகளோடு சேர்த்தே எழுதிவிட்டார்கள். நம் நாட்டில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகத்தையும் நோய் கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அபராதம் கோர்ட்டுகளில் இழுபட்டது ஒரு பக்கம். அது கார் கதை, லாரிக் கதை இல்லை என்பது இன்னொரு பக்கம். 2022-இல் மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் செய்யும் உரிமைக்காக ஒரு கமிட்டி போட்டபோது வாகனத் துறையையும் பட்டியலில் சேர்த்தார்கள். கம்பெனிகளுக்கும் ஒரு வாதம் இருக்கிறது: பிரேக்கும் கியரும் உயிர் சம்பந்தப்பட்டவை, பழகாத கை அதில் படக்கூடாது என்பார்கள். பழகாத கை படக்கூடாது என்பது சரி. அதற்காகப் பழகவே விடமாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்?

பழக வேண்டிய கை யாருடையது? நம்முடையதுதான். பட்டறையில் பத்து வருடம் இருந்த அண்ணனுக்கு ஓம் விதி தெரியாது. என்ஜினியரிங் முடித்து லேப்டாப்போடு வருபவர் பெரும்பாலும் சேஸிஸுக்கு அடியில் படுக்க மாட்டார். இரண்டுக்கும் நடுவில் டிப்ளமோ என்று நம்மைத்தான் வைத்திருக்கிறார்கள். அடியில் படுத்துக்கொண்டே கணக்குப் போடத் தெரிந்தவன் என்று ஒருவன் தேவைப்படுகிற இடம் அது.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிற கம்பெனிகளில் சேர்வதைப் பற்றி மட்டும்தான் நாம் பேசிக்கொள்கிறோம். அங்கே போனால் ஒரு அசெம்பிளி லைனில் ஒரே போல்ட்டை நாளெல்லாம் முறுக்குகிற வேலை கிடைக்கலாம். அதைக் கேவலமாகச் சொல்லவில்லை, வீட்டுக் கஷ்டத்துக்கு அந்தச் சம்பளம் வேண்டும். எனக்கும் வேண்டும். ஆனால் ஹைவே ஓரத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு, மீட்டரும் டார்ச்சுமாக நிற்கத் தெரிந்த ஒரு டிப்ளமோக்காரனை இந்த ஊர் லாரிக்காரர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

யூனியனுக்கு என் வேண்டுகோள் பெரியது இல்லை. ஆட்டோமொபைல் லேபில் இருக்கும் கட் மாடல் பெட்டிக்குப் பக்கத்தில், விபத்தில் அடிபட்டுப் பழைய இரும்புக்கு வந்த ஒரு லாரியின் வயரிங் செட்டை வாங்கி, ஒரு பிளைவுட் பலகையில் விரித்து அடித்து வையுங்கள். இரண்டு பேட்டரி, நாலு பல்பு, ஒரு சொலினாய்டு வால்வு போதும். மாஸ்டர் ஒரு இடத்தில் ரகசியமாக எர்த்தைக் கெடுத்து வைக்கட்டும். நாம் அளந்து கண்டுபிடிப்போம். எந்த ஊர் ஓனரைக் கேட்டாலும் பழைய வயரிங் செட் கிடைக்கும். நானே இரண்டு பேரிடம் கேட்டு வைத்திருக்கிறேன், வண்டி வாடகை மட்டும் யூனியன் பார்த்துக்கொண்டால் போதும். பெரிய கருவிகள் வாங்க கவர்ன்மெண்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கும் காலத்தில் இதைச் செய்து முடித்துவிடலாம்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. நம் எலக்ட்ரிக்கல் லேபில் உள்ள ஆறு மல்டிமீட்டரில் நாலில் ஆம்பியர் ஃபியூஸ் போய்விட்டது. போன வருடம் முதல் அப்படியேதான் இருக்கிறது. ஃபியூஸ் பஜாரில் கிடைக்கிறது. இந்த மலர் விற்ற பணத்தில் முதலில் அதை வாங்கிப் போடுங்கள்.